கையெழுத்துப் போடும் ஜெபமும் முப்பது நாள் மௌனமும்: ஒப்புக்கொடுத்தலுக்கான வழிகள், ஒரு மதிப்பீடு

"ஆண்டவரே, என் வாழ்க்கையை முழுவதும் உமக்கே ஒப்புக்கொடுக்கிறேன்." ஞாயிற்றுக்கிழமை கண்ணீரோடு சொல்லிவிட்டு, திங்கட்கிழமை மதியத்துக்குள் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ளப்படும் வாக்கியம் இது. சொன்னவர் பொய்யர் இல்லை. 'முழுவதும்' என்ற சொல்தான் ஏமாற்றுகிறது. முழுவதையும் கொடுத்தவருக்கு எதைக் கொடுத்தோம் என்று தெரியாது. தெரியாத பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும் தெரியாது.

கட்டுப்பாட்டைத் தேவன் கையில் விடுவதற்குத் திருச்சபை காலங்காலமாகச் சில ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கிறது. கூட்டங்களில் முன்னால் வரச் சொல்லும் அர்ப்பணிப்பு அழைப்பு, மெதடிஸ்ட் வழியில் வந்த உடன்படிக்கை ஆராதனை, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த மௌன தியானம், வீட்டில் தனியாகச் செய்யும் எழுத்து முறை ஆகிய நான்கையும் இங்கே எடைபோடலாம். உரசிப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். இது உங்களைப் பெயர் சொல்லிக் கொடுக்க வைக்கிறதா? மறுநாள் காலையில் செய்வதற்கு ஏதாவது தருகிறதா? நீங்கள் விட்ட கட்டுப்பாடு தேவனிடம் போகிறதா, நடுவில் நிற்கிற யாரோ ஒரு மனிதரிடம் போகிறதா?

சீர்திருத்தச் சபைகளில் 'ஒப்புக்கொடுத்தல்', 'அர்ப்பணிப்பு' என்பார்கள். கத்தோலிக்கர் 'கையளித்தல்' என்பார்கள். பொருள் ஒன்றுதான். ரோமர் 12:1 அதை ஜீவபலி என்கிறது. செத்த பலி பீடத்தில் வைத்த இடத்திலேயே கிடக்கும். உயிருள்ள பலிக்கு எழுந்து நடக்கக் கால் இருக்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தக் காலால் வருபவை.

முதலில் அர்ப்பணிப்பு அழைப்பு. 1830-களில் சார்லஸ் ஃபின்னி அமெரிக்க எழுப்புதல் கூட்டங்களில் முன்வரிசையில் ஒரு பெஞ்சைப் போட்டு, தீர்மானம் எடுக்க விரும்புகிறவர்களை அங்கே வந்து உட்காரச் சொன்னார். முன்னால் வரச் சொல்லும் வழக்கம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. உடம்பை அசைக்க வைப்பதுதான் இதன் பலம். உட்கார்ந்த இடத்தில் தலையாட்டுவது வேறு, நாலு பேர் பார்க்க எழுந்து நடப்பது வேறு. ஆனால் செய்தி முடிந்து, பாட்டு தொடங்கி, விளக்கு மங்கி, பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கேள்வி பொதுவாகவே வருகிறது: "யார் யார் முழுமையாக ஒப்புக்கொடுக்கிறீர்கள்?" எதை என்று யாரும் கேட்பதில்லை. ஜெபிக்க வரும் ஊழியருக்கு ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. அதனால்தான் ஒரே ஆள் ஒவ்வொரு வருடமும் அதே கன்வென்ஷனில் அதே காரியத்துக்காக முன்னால் போகிறார்.

இதைப் பயனுள்ளதாக்க வழி உண்டு. எழுந்து நடப்பதற்கு முன்பே ஒரே ஒரு காரியத்துக்கு மனதில் பெயர் வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் தேதியோடு ஒரு வரி எழுதுங்கள். இரண்டு நாளைக்குள், உங்களுக்கு அஞ்சாமல் பேசக்கூடிய ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் இந்த வழிக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். தொடக்கத்துக்கு நல்லது, தொடர்ச்சிக்கு ஆகாது.

அடுத்தது உடன்படிக்கை ஆராதனை. நான்கில் அதிகம் குறைத்து மதிப்பிடப்படுவது இதுதான்.

1755 ஆகஸ்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி லண்டனில் இதைத் தொடங்கிய விதத்தைக் கவனித்தால், இன்று பல இடங்களில் இது ஏன் உப்புச்சப்பில்லாமல் நடக்கிறது என்பது விளங்கும். ஆகஸ்ட் 6-ஆம் தேதி சபையாரிடம் உடன்படிக்கையைப் பற்றி முதலில் பேசினார். தொடர்ந்து பல காலைகள் அதை விளக்கினார். வெள்ளிக்கிழமை பலர் உபவாசம் இருந்தார்கள். 11-ஆம் தேதி திங்கட்கிழமை மாலை 6 மணிக்கு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியிலிருந்த பிரெஞ்சு ஆலயத்தில் கூடினார்கள். முந்திய நூற்றாண்டின் பியூரிட்டன் போதகர் ரிச்சர்ட் அலீன் வெளியிட்டிருந்த வாசகத்தை வெஸ்லி படித்துக்காட்டினார். சம்மதத்துக்கு அடையாளமாக ஏறக்குறைய 1,800 பேர் எழுந்து நின்றார்கள். ஜெபம் சில நிமிடம், அதற்கு முன்னேற்பாடு ஐந்து நாள். 1780-இல் இதற்கான வழிமுறைகளை அவர் தனிச் சிறுபுத்தகமாகவும் அச்சிட்டார். பின்னாளில் புத்தாண்டை ஒட்டி நடத்துவது வழக்கமாகிவிட்டது.

பழைய வழிமுறை மிகவும் காரியார்த்தமானது. தனிமையில் நேரம் ஒதுக்கு, ஒருமுறை போதாது, சில முறை ஒதுக்கு என்கிறது. மனதை நிதானத்துக்குக் கொண்டுவா. இது சாவு வாழ்வு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை உணர். உன் வைராக்கியத்தை நம்பாதே, தேவன் கொடுத்த வாக்கைப் பற்றிக்கொள். பிறகு முழங்காலில் நின்று, கைகளை விரித்துச் சொல். இருதயத்தில் மட்டும் செய்யாதே, வாயாலும் சொல். வாயால் மட்டும் சொல்லாதே, எழுதியும் வை. எழுதிய தாளைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து, பத்திரம் ஒப்படைப்பதுபோல ஒப்படைத்து, கையெழுத்திட்டுப் பாதுகாத்து வை. சோதனை வரும் நாளில் எடுத்துப் பார்க்கத்தான் அந்தத் தாள்.

இன்று பல சபைகளில் சொல்லப்படுவது 1936-இல் இங்கிலாந்து மெதடிஸ்ட் சபையின் வழிபாட்டு நூலில் வந்த சுருக்க வடிவமோ அதன் பிந்தைய திருத்தமோதான். நான் இனி எனக்குரியவன் அல்ல, உமக்குரியவன் என்று தொடங்கும். உமக்கு விருப்பமான வேலையில் வையும், விருப்பமானவர்களோடு சேரும் என்று போகும். கொஞ்சம் தள்ளி ஒரு வரி வரும்: உமக்காக வேலையில் அமர்த்தப்படவும், உமக்காக ஒதுக்கி வைக்கப்படவும் சம்மதம்.

அந்த 'ஒதுக்கி வைக்கப்பட' என்ற இடத்தில் சபையின் சத்தம் கொஞ்சம் இறங்குவதைக் காது கொடுத்தால் கேட்கலாம். வறுமை வந்தாலும் சம்மதம், பாடு வந்தாலும் சம்மதம் என்பதைப் பலரும் வீரமாகச் சொல்லிவிடுவார்கள். இருபது வருடம் பாடகர் குழுவை நடத்தியவரிடம், அடுத்த வருடம் வேறொருவர் நடத்தட்டும் என்றால்? ஓய்வு பெற்று ஆறு மாதமாக யாரும் போன் செய்யாத அதிகாரிக்கு? படுக்கையில் கிடந்து மற்றவர் கையால் தண்ணீர் குடிக்க வேண்டியவருக்கு? கட்டுப்பாட்டில் மிக ஆழமாக வேர்விட்ட துண்டு பணமல்ல. 'நான் இல்லாவிட்டால் நடக்காது' என்ற எண்ணம். அந்த வேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காகவே இந்த ஜெபத்துக்கு முழு மதிப்பெண் தரலாம்.

இனி கோளாறுகள். முதல் கோளாறு அவசரம். அறிவிப்புகளுக்கும் காணிக்கைக்கும் நடுவில் இருபது நிமிடத்தில் இதை நடத்தும் சபைகள் உண்டு. முந்திய ஞாயிறே ஜெபத்தின் அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மக்கள் வீட்டில் ஏழு நாள் அதோடு மல்லுக்கட்டட்டும். ஜெபம் ஆரம்பிக்கும் முன் குறைந்தது ஐந்து நிமிட மௌனம் தேவை. ஐந்து என்றால் கடிகாரத்தில் ஐந்து. நடத்துகிறவருக்கு அது ஐம்பதாகத் தெரியும், ஒலிபெருக்கியில் ஏதாவது சொல்லி நிரப்பத் தோன்றும். நிரப்பக் கூடாது.

இரண்டாவது, கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லிவிடுவது. சொல்ல முடியாத வரி வந்தால் வாயை மூடிக்கொள்ளலாம் என்று நடத்துகிறவர் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்று பிரசங்கி 5:5 சொல்கிறது. வாய் மூடிய அந்த வரிதான் அந்த ஆளுக்கு அந்த வருடத்தின் வீட்டுப்பாடம். அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மூன்றாவது குறை ஜெபத்திலேயே இருக்கிறது. அதில் கேட்பதற்கு இடமில்லை. கெத்செமனேயில் இயேசு நேராக 'உம்முடைய சித்தம்' என்று ஆரம்பிக்கவில்லை. இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும் என்று முதலில் கேட்டார். அதற்குப் பிறகுதான் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். அதையும் ஒரு தடவையில் முடிக்கவில்லை. மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. ஆசையைச் சொல்லாமல் தாண்டிப்போன ஒப்புக்கொடுத்தல் விரைவில் கசக்கும். மகள் பிழைக்க வேண்டும் என்று ஒருமுறைகூடக் கேட்காமல் 'உம் சித்தம்' என்றவர், பிறகு தேவன்மேல் சொல்லாமலே கோபப்படுவார். ஆகவே இந்த ஆராதனைக்குப் போகிறவர் முந்தின இரவே, தமக்கு என்ன வேண்டும் என்பதை வெட்கமில்லாமல் எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நலம்.

இந்த ஆராதனை பெரும்பாலும் திருவிருந்தோடு முடிகிறது. அதை வெட்டிச் சுருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கொடுத்து வெறுங்கையாக நிற்கிறவன் அந்தக் கையை நீட்டி வாங்கிக்கொள்ளும் இடம் அது. திருவிருந்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளினால், வாக்குறுதி கொடுத்த களைப்பு மட்டுமே மிஞ்சும்.

மூன்றாவது இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள். ஆற அமரப் பேச வேண்டிய சரக்கு.

1521-இல் ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய படைவீரர் அவர். அதற்கடுத்த வருடம் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது எடுக்கத் தொடங்கிய குறிப்புகள் வளர்ந்து, 1548-இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் அங்கீகாரம் பெற்றன. உட்கார்ந்து வாசிக்கும் நூல் அல்ல இது. ஒருவர் நடத்த இன்னொருவர் செய்யும் பயிற்சிக்கான கையேடு. வாங்கி வாசித்துவிட்டு 'ஒன்றுமே இல்லையே' என்பவர்கள், நீச்சல் கையேட்டை நாற்காலியில் உட்கார்ந்து படித்தவர்கள்.

முழு வடிவம் சுமார் 30 நாள். நான்கு 'வாரங்கள்' என்பார்கள். ஏழு ஏழு நாள் என்ற கணக்கில்லை. பாவமும் மன்னிப்பும், இயேசுவின் வாழ்வு, பாடுகள், உயிர்ப்பு என்று நான்கு கட்டங்கள். நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் ஜெபம். வழிகாட்டியோடு தினமும் ஒரு சந்திப்பு. மற்ற நேரமெல்லாம் மௌனம், சாப்பாட்டு மேசையிலும்கூட. அவ்வளவு நாள் ஒதுக்க முடியாதவர்களுக்கு எட்டு நாள் தியானம் உண்டு. வீட்டையும் வேலையையும் விட்டு நகரவே முடியாதவர்களுக்கு, கையேட்டின் தொடக்கத்தில் உள்ள முன்குறிப்புகளில் 19-ஆவது வழி சொல்கிறது: தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, அன்றாட வாழ்க்கையின் நடுவிலேயே செய்யலாம். இப்போது இதைப் பல இடங்களில் ஏழெட்டு மாதம் நீட்டி, வாரம் ஒரு சந்திப்போடு நடத்துகிறார்கள். குடும்பஸ்தர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வடிவத்தைத்தான். ஒப்புக்கொடுத்ததை அன்றைக்கே சமையலறையிலும் அலுவலகத்திலும் சோதித்துப் பார்த்துவிடலாம்.

நலமும் நோயும், செல்வமும் வறுமையும், புகழும் இகழ்ச்சியும், நீண்ட ஆயுளும் குறுகிய ஆயுளும் இருபுறமும் இருக்க, எந்தப் பக்கமும் முன்கூட்டியே சாயாமல் தராசு முள்போல நடுவில் நிற்பதுதான் பயிற்சியின் அடிவாரம். இது உணர்ச்சியற்றுப் போவதல்ல. ஆசை இருக்கலாம், அது தராசில் கையை வைத்து அழுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு பயிற்சி வருகிறது. இந்தச் சந்தையில் இதற்கு ஈடான ஒன்று இல்லை. 10,000 பொற்காசு சம்பாதித்த மூன்று பேரை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். மூவருமே அதை முழுக்கத் தேவனுக்காகச் சம்பாதிக்கவில்லை, மூவருக்குமே மனம் உறுத்துகிறது. முதலாமவர் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சாகும்வரை ஆறப்போடுகிறார். இரண்டாமவர் பற்றை விடத் தயார், ஆனால் காசு தன்னிடமே இருக்க வேண்டும். தான் தேவனிடம் போவதற்குப் பதிலாக, தேவன் தன் விருப்பத்துக்கு வந்து சேர வேண்டும் என்கிறார். மூன்றாமவர், வைத்திருப்பதா விடுவதா என்பதையே தேவனுக்கு விட்டுவிடுகிறார். வைத்துக்கொள் என்றாலும் சரி, கொடுத்துவிடு என்றாலும் சரி.

பக்தியுள்ளவர்களில் பெரும்பாலோர் இரண்டாமவர். தானமாக நிறையக் கொடுப்பார்கள், உபவாசம் இருப்பார்கள், ஊழியம் செய்வார்கள். தேவன் கேட்கும் அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தருவார்கள். மகனின் கல்யாணத்தைத் தேவனுக்கு ஒப்புக்கொடுத்த தாய், ஒப்புக்கொடுத்த கையோடு இன்ன படிப்பு, இன்ன உயரம், இன்ன குடும்பம் என்று பட்டியலையும் நீட்டினால் அவர் இரண்டாமவர். பட்டியல் எழுதியது தப்பில்லை. அதில் ஒரு வரியை அடிக்கச் சொன்னால் கை நடுங்குகிறதே, அங்கேதான் பயிற்சி தொடங்குகிறது. மூன்றாமவர் எப்போதும் இழந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்பதையும் கவனியுங்கள். பிடித்ததை விட்டால்தான் அர்ப்பணிப்பு என்று நினைத்து, நல்ல வேலையையும் நல்ல உறவையும் வீணாக உதறியவர்கள் உண்டு. அதுவும் தராசில் கை வைப்பதே, மறு தட்டில்.

முடிவெடுக்கும் கட்டத்தில் தரும் கருவிகள் எந்த நிர்வாகப் பயிற்சிக்கும் இளைத்தவை அல்ல. இதை ஏற்றால் நன்மை, ஏற்றால் கெடுதல், ஏற்காவிட்டால் நன்மை, ஏற்காவிட்டால் கெடுதல் என்று நான்கையும் எடைபோடச் சொல்கிறார். ஒரு தாளை நான்காகப் பிரித்து எழுதிவிடலாம். இரண்டு பத்தி போதாதா என்று தோன்றும். போதாது. 'ஏற்காவிட்டால் நன்மை' என்ற கட்டத்தில்தான் நாம் ஒளித்து வைத்த பயம் வெளியே வரும். பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வாய்? சாகும் நேரத்தில் எப்படி முடிவெடுத்திருக்க விரும்புவாய்? முடிவெடுத்த பிறகும் வேலை தீரவில்லை. அதைத் தேவனிடம் கொண்டுபோய் வைத்து உறுதிப்படுத்தக் கேட்க வேண்டும். திருமணம், குருத்துவம் போல ஏற்கெனவே கட்டிக்கொண்டவற்றை இந்தத் தராசில் மறுபடி ஏற்றக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு.

ஆண்டவரே, என் சுதந்திரத்தை, நினைவை, அறிவை, என் சித்தம் முழுவதையும் ஏற்றுக்கொள்ளும் என்று கையளிக்கும் புகழ்பெற்ற ஜெபம் இந்தப் பயிற்சியில் எங்கே வருகிறது தெரியுமா? கடைசியில். தேவன் எனக்குத் தந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் தியானத்துக்குள். முப்பது நாள் வாங்கியதைக் கணக்குப் பார்த்தபின் கொடுப்பதற்கு வருகிறது. அர்ப்பணிப்பு அழைப்பு பத்து நிமிடத்தில் கேட்பதை இங்கே முப்பதாம் நாள்தான் கேட்கிறார்கள்.

நடைமுறையில் என்ன சறுக்குகிறது? முதல் நாள் பெரும்பாலும் தூக்கம் சொக்கும். உடம்பு பழைய கடனை வசூலிக்கிறது, தூங்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு வறட்சி வரும். ஜெபம் மண்ணைத் தின்பதுபோல இருக்கும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தோன்றும். அப்போதைக்கு இரண்டு விதிகள் உண்டு. வறட்சியில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. ஒரு மணி நேரத்தைக் குறைக்கத் தோன்றினால் கொஞ்சம் கூடுதலாக இரு. இரண்டாவது விதியில் 'கொஞ்சம்' என்பது ஓரிரு நிமிடம்தான். மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாதித்துக் காட்டினால் அது வேறொரு நோய். இதற்கு நேரெதிரான சறுக்கல் பொங்கிவழியும் ஆறுதலில் வருகிறது. ஐந்தாம் நாள் கண்ணீரும் களிப்புமாக இருக்கும்போது வேலையை விட்டுவிடுகிறேன், நேர்த்தி செய்துகொள்கிறேன் என்பார்கள். அந்த நேரத்தில் அவசர வாக்குறுதி எதையும் கொடுக்க விடாதே என்று வழிகாட்டிக்குத் தனியே ஒரு குறிப்பு இருக்கிறது.

போனை ஒப்படைக்காமல் தியானத்துக்குப் போகிறவர் காசைக் கரியாக்குகிறார். அவசரத்துக்கு என்று பையில் வைத்துக்கொள்வதும் அதே ரகம். தியான இல்லத்தின் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு உங்களுடையதை அணைத்துவிடுங்கள். ஜெபக் குறிப்புக்கு ஒரு நோட்டு, வேதாகமம், நடக்க ஏற்ற செருப்பு, அவ்வளவு போதும். ஆன்மீக நூல்களை மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஜெபத்திலிருந்து ஓடி ஒளிய அதைவிடக் கண்ணியமான இடம் கிடையாது.

இந்தச் சேவையின் தரம் முழுக்க வழிகாட்டியைப் பொறுத்தது. பதிவு செய்யும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள்: நீங்களே இந்தப் பயிற்சியை முழுமையாகச் செய்திருக்கிறீர்களா? ஒரே நேரத்தில் எத்தனை பேரை நடத்துகிறீர்கள்? ஆளுக்கு முக்கால் மணி என்று வைத்தால் ஆறு பேருக்கே நாலரை மணி நேரம் ஆகிறது. பதினைந்து பேரை ஒருவரே பார்க்கிறார் என்றால் அது பிரசங்கத் தியானம், வழிநடத்தும் தியானம் அல்ல. பிரசங்கத் தியானத்துக்கும் இடம் உண்டு. பெயரை மாற்றி விற்கக் கூடாது.

இன்னொன்று. தராசு முள்போல நடுவில் நிற்க வேண்டும் என்ற விதி வழிகாட்டிக்கும் பொருந்தும். எந்தப் பக்கமும் தள்ளாமல், படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள விட வேண்டும் என்று 15-ஆம் முன்குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. உங்களுக்குத் தேவசித்தம் இன்னது என்று வழிகாட்டியே சொல்ல ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம். நான்கு வழிகளுக்கும் இதே அளவுகோல்தான். தேவனுக்கு ஒப்புக்கொடு என்று ஆரம்பித்து, எனக்குக் கீழ்ப்படி என்று முடிகிற இடங்கள் இருக்கின்றன. சம்பளக் கணக்கைக் காட்டச் சொல்வது, யாரோடு பேசலாம் என்று தீர்மானிப்பது, மருத்துவர் தந்த மாத்திரையை விசுவாசத்தால் நிறுத்தச் சொல்வது, அடிக்கிற கணவனோடு இருப்பதே அர்ப்பணிப்பு என்பது, இவை எல்லாம் கட்டுப்பாடு கை மாறியதற்கான அடையாளங்கள், ஆனால் தேவன் கைக்கு அல்ல. நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவிட்டு முழுவதும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்ட அனனியாவிடம் பேதுருவே, நிலத்தை விற்கும் முன்னும் அது உன்னுடையது, விற்ற பின்னும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்றார். கொடுக்கக் கட்டாயம் இல்லை, கொடுத்ததாக நடிப்பதுதான் குற்றம்.

கடும் மனச்சோர்வில் இருக்கிறவர்களும், சில வாரங்களுக்குள் வீட்டில் சாவு கண்டவர்களும் நீண்ட மௌனத்துக்கு இப்போது போக வேண்டாம். ஆளின் பலத்துக்குத் தக்கபடி பயிற்சியைக் குறைத்துக்கொள் என்று கையேடே சொல்கிறது.

நான்காவதாக வீட்டு முறை. செலவு ஒரு நோட்டும் பேனாவும். சிலர் மூடியில் துளையிட்ட ஒரு பெட்டியை வைத்து, கவலையை எழுதிப் போடுகிறார்கள். பெட்டி தப்பில்லை, ஆனால் எழுதியதை மறக்க உதவுகிறதே தவிரச் செய்ய வேண்டியதைச் சொல்வதில்லை. நோட்டே மேல். ஒரு பக்கத்தை நெடுக இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் விடுவது, வலப்பக்கம் செய்வது. இடப்பக்கம் 'எதிர்காலம்' என்று எழுதக் கூடாது. 'வியாழக்கிழமை வரும் பயாப்சி முடிவு' என்று எழுத வேண்டும். வலப்பக்கம்: 'புதன் இரவு பத்து மணிக்கு மேல் நெட்டில் தேட மாட்டேன். வியாழன் தம்பியைக் கூட அழைத்துப் போவேன். டாக்டரிடம் கேட்க மூன்று கேள்வி எழுதுவேன்.' வலப்பக்கம் காலியாக இருந்தால் அது ஒப்புக்கொடுத்தல் அல்ல, கைகழுவுதல். இடப்பக்கம் காலியாக இருந்தால் வெறும் வேலைப் பட்டியல். உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவி என்று சங்கீதம் 37:5 சொல்லும்போது வழி உன்னுடையது, நடப்பதும் நீதான். போய்ச் சேர்வதுதான் அவர் பொறுப்பு.

ஒரு நேரத்தில் மூன்று வரிக்கு மேல் எழுத வேண்டாம். இரவில் கால் மணி நேரம் போதும். நன்றி சொல்லி, வெளிச்சம் கேட்டு, காலையிலிருந்து மணிக்கணக்காக நாளைப் புரட்டிப் பார்த்து, இடப்பக்கத்தில் விட்டதை இன்று எந்த நேரத்தில் திரும்ப எடுத்தேன் என்று குறித்து, மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரு தீர்மானம். இது இஞ்ஞாசியாரின் ஆன்ம ஆய்வையே வீட்டு நோட்டுக்கு வளைத்தது. இரண்டு வாரம் செய்தால் திரும்ப எடுக்கும் நேரம் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பது தெரியும். சிலருக்கு அதிகாலை விழிப்பு, சிலருக்குச் சம்பள நாளுக்கு முந்தின வாரம், சிலருக்கு ஒரு குறிப்பிட்ட உறவினரின் போன். அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு சிறு ஜெபத்தை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொள்ளச் சொன்ன லூக்கா 9:23-க்கு நடைமுறை உரை இதுதான் என்பேன்.

வீட்டு முறையின் குறை தனிமை. பார்க்க ஆளில்லாததால் எழுத்து மெல்ல மழுங்கும். 'வியாழக்கிழமை பயாப்சி' மறுபடி 'எதிர்காலம்' ஆகிவிடும். மாதம் ஒருமுறை ஒரு நண்பரிடமோ ஆயரிடமோ இடப்பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினால் போதும். அவர் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. 'இது போன மாதமும் இருந்ததே' என்றால் போதும்.

எதில் தொடங்குவது என்றால், நோட்டில். ஆறு வாரம் அதை எழுதிவிட்டு உடன்படிக்கை ஆராதனைக்குப் போகிறவருக்குக் கையில் பெயர்கள் இருக்கும். பெரிய முடிவு ஒன்று எதிரே நிற்கும்போது மட்டும் எட்டு நாளோ அன்றாட வாழ்க்கைத் தியானமோ போகலாம். எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லாதபோது முப்பது நாள் போவது மருந்தை முன்கூட்டியே குடிப்பது. கையெழுத்திட்ட உடன்படிக்கைத் தாளை அந்த நோட்டின் பின்னட்டைக்குள் மடித்து வைத்துவிட்டு, அடுத்த புத்தாண்டுக்கு முந்தின இரவு எடுத்துப் பிரியுங்கள். பென்சில் கோடு போட்ட வரி எது என்று முதலில் பாருங்கள். அதை இந்தத் தடவையும் சொல்ல முடியவில்லை என்றால், அதன் கீழேயே இந்த வருடத்தையும் குறித்து வையுங்கள்.